அஞ்சு வரைக்கும்

— மணி பத்து நாப்பது, முனீஸ்வரி. பதினொண்ணுக்குக் கரண்ட் போயிரும். ஹெட்போனை மாட்டு. ஒரு தடவை சும்மா பேசிப் பாத்துட்டு, அடுத்தது ரெக்கார்டு.

— ரெக்கார்டை ராஜகுரு சார் கேப்பாராக்கா?

— முதலாளி கேக்காம வேற யார் கேப்பா? போன தடவை நாப்பத்தஞ்சு வாங்குன. பாஸாக எழுவது வேணும்.

— அதைப் போட்டது நீங்கதான ஸ்வர்ணாக்கா.

— நான்தான். இப்ப நான் மலேசியாவுல ஈப்போவுல இருக்கிற பொம்பளை. பேரு சோணையம்மாள். ரைஸ் குக்கர் வாங்கி ஆறு மாசம் ஆச்சு. நெட்ல உன் லைன்ல வந்திருக்கேன். குக்கர் கம்பெனிக்காக என்னைப் பேட்டி எடு.

— மலேசியாவுல சோணையம்மாளா?

— ஏன், கப்பல் ஏறுனவங்க பேரைக் கரையில விட்டுட்டா போனாங்க? ஆரம்பி.

— வணக்கம்ங்க. மதுரையில இருந்து முனீஸ்வரி பேசுறேன். குக்கர் நல்லா இருக்குதுங்களா?

— நிறுத்து. 'நல்லா இருக்கா'ன்னா ஆமான்னுதான் சொல்லுவா. கேள்வியும் நீயே, பதிலும் நீயேன்னா அவ எதுக்கு? 'எப்படி இருக்கு'ன்னு கேளு.

— எப்படி இருக்குங்க குக்கர்?

— இருக்கு.

— ஏன் இப்படிச் சலிச்சுக்கிட்டுச் சொல்றீங்க?

— ஏன்னு கேக்கவே கேக்காத. ஏன்னு கேட்டா குத்தம் சொல்ற மாதிரி இருக்கும். மூஞ்சி தெரியாத பொம்பளை. உன் குரல் மட்டும்தான் அவளுக்குப் போகுது. 'அதைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க'ன்னு சொல்லிட்டு வாயை மூடிக்க. மனசுக்குள்ள அஞ்சு எண்ணு.

— அம்புட்டு நேரம் சும்மா இருக்க முடியலக்கா. எங்க ஊரு பஸ்ஸுல ஒருத்தர் பேசாம வந்தா, வீட்டுல சண்டையான்னு கேப்பாக.

— நாலு வரைக்கும் வர்றதெல்லாம் மரியாதைக்குச் சொல்றது. அஞ்சாவதுலதான் உண்மை வரும்.

— இது யாருக்கா உங்களுக்குச் சொல்லிக்குடுத்தது?

— ரம்யாஸ்ரீ அக்கா. எனக்கு முன்னாடி இந்த வேலையப் பாத்தவங்க. நான் பாஸான அன்னைக்கு என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க. மறுநாள்ல இருந்து வரல.

— சந்தோசத்துலயாக்கா?

— பாத்தியா, மறுபடி பதிலை நீயே சொல்ற. ரெக்கார்டு போட்டுட்டேன். பேசு.

— வணக்கம்ங்க. மதுரையில இருந்து முனீஸ்வரி. உங்க குக்கர் எப்படி இருக்குங்க?

— இருக்கு. சோறு வேகுது.

— அதைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க.

— என்னத்தச் சொல்ல. அடி பிடிக்குது.

— ...

— பத்துப் பேருக்கு ஆக்குற குக்கர். பிள்ளைங்க வருவாங்கன்னு பெருசா வாங்கிட்டேன். யாரும் வரல. நான் ஒருத்திக்கு ஒரு பிடி அரிசி போட்டா, அது அடியிலயே காஞ்சு போகுது... போதும், நிறுத்திட்டேன். இந்தத் தடவை அஞ்சு எண்ணுன.

— ஆறுக்கா. பயத்துல ஒண்ணு கூடிருச்சு.

— எண்பது போடுறேன். பாஸ். இந்தா, போயிருச்சு கரண்ட். யூபிஎஸ்ஸும் செத்து ஒரு மாசம் ஆச்சு. ஜன்னலைத் திற. ஒரிஜினல் சர்டிபிகேட் கொண்டாந்தியா?

— கொண்டாந்திருக்கேன். பன்னெண்டாப்பு, டிகிரி, ரெண்டும். திருமங்கலத்துல பஸ் ஏறுற வரைக்கும் அப்பா கேட்டுக்கிட்டே வந்தாக, வேலைக்குப் போறவ சர்டிபிகேட்டை எதுக்குக் குடுக்கணும்னு.

— ஆபீஸ் வழக்கம். மூணு வருஷத்துக்கு வேலையை விட மாட்டேன்னு பாண்டு. அதுவரைக்கும் சார் பீரோவுல பத்திரமா இருக்கும். முதல்ல மார்க் பேப்பர்ல கையெழுத்துப் போடு.

— போடுறேன்க்கா. கரண்ட்டுதான் இல்லையே, இன்னொரு பேட்டி எடுத்துப் பழகிக்கிறேன்.

— யாரை, சோணையம்மாளையா?

— உங்களை. காலைல போன்ல உங்க வீட்டு பாஷையில பேசுனீங்க. எனக்கு ஒண்ணும் விளங்கல. நடுவுல பேங்க், ஒரிஜினல்னு மட்டும் காதுல விழுந்துச்சு. அதைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க.

— பேங்க்ல கிளார்க் வேலை கிடைச்சிருக்கு. ரெண்டு வருஷம் படிச்சு எழுதுன பரீட்சை. நல்ல விஷயம்தான்.

— ...

— என்ன பாக்குற?

— எண்ணுறேன்க்கா.

— வர்ற திங்கக்கிழமை திருநெல்வேலில போயிச் சேரணும். கையில ஒரிஜினல் இருந்தாத்தான் சேத்துக்குவாங்க. ஏற்கனவே ஒரு தடவை தேதியைத் தள்ளிக் குடுத்துட்டாங்க. இனித் தள்ள மாட்டாங்க.

— உங்க ஒரிஜினல் எங்க இருக்கு?

— சார் பீரோவுல.

— பாண்டு முடியலையாக்கா?

— முடிஞ்சு ஒன்றரை வருஷம் ஆச்சு.

— அப்புறம் ஏன் தரல?

— ஏன்னு கேக்காதன்னு சொல்லியிருக்கேன்ல.

— சரி. சார் என்ன சொன்னாருன்னு சொல்லுங்க.

— உன் இடத்துக்கு ஒரு ஆளைத் தயார் பண்ணு, அவ சர்டிபிகேட்டை உள்ள வச்சுட்டு உன்னோடத எடுத்துக்கன்னாரு. மூணு பேரைத் தயார் பண்ணேன். ஜெயக்கொடி ரெண்டாவது வாரமே நின்னுட்டா. இன்னொருத்திக்குக் கல்யாணம் ஆயிருச்சு. மாயக்காள்னு ஒருத்தி பாஸாயிட்டு, சர்டிபிகேட் தர மாட்டேன்னு எந்திரிச்சுப் போயிட்டா. சூதானமானவ.

— நான் நாலாவது.

— நாலாவது.

— வக்கீல் யாரையும் பாக்கலையாக்கா?

— பாத்தோம். ஜெயிச்சிரலாம், ரெண்டு வருஷம் ஆகும்னாரு. எனக்கு இருக்கறது நாலு நாள்.

— அப்ப, ரம்யாஸ்ரீ அக்கா அழுதது...

— என் சர்டிபிகேட்டை உள்ள வச்சுட்டுத்தான் அவங்களோடத எடுத்துக்கிட்டாங்க. அன்னைக்கு நான் எண்ணவே இல்ல, முனீஸ்வரி. பாஸான சந்தோசத்துல நானே பேசிக்கிட்டு இருந்தேன்.

— ...

— இங்க பாரு. மார்க் பேப்பர் இன்னும் நம்ம கையிலதான் இருக்கு. வேணாம்னா சொல்லிரு, எண்பதை நாப்பதாக்கிர்றேன். பெயிலான பிள்ளைகிட்ட யாரும் சர்டிபிகேட் கேக்க மாட்டாங்க. அடுத்த பஸ்ஸைப் புடிச்சு வீட்டுக்குப் போயிரு.

— உங்க திங்கக்கிழமை?

— அது என் பாடு.

— வீட்டுக்குப் போனா எனக்குக் கப்பலூர் மில்லுதான்க்கா. டிகிரி முடிச்சுட்டு மூணு மாசம் அங்கதான் போனேன். பஞ்சுத் தூசியில இளைப்பு வந்து ஆஸ்பத்திரியில கிடந்தேன். இங்க பெயிலுன்னா ஒண்ணாந்தேதி மறுபடி மில்லுல வந்து சேரச் சொல்லிருக்காக.

— இதை ஏன்டி முதல்லயே சொல்லல?

— இப்ப நீங்க ஏன்னு கேக்குறீங்க.

— ...

— எண்பதே இருக்கட்டும். கையெழுத்துப் போட்டுட்டேன். சர்டிபிகேட்டும் இந்தாங்க. கவர் ஓரத்துல கிழிஞ்சிருக்கு, பாத்து எடுங்க.

— முனீஸ்வரி.

— ஒரே ஒரு கேள்விக்கா. நானும் ஒருநாள் ஒரு பிள்ளையத் தயார் பண்ணித்தான வெளிய போகணும். இதே நாக்காலியில உக்காருவா. அவளுக்கு நான் நாலு வரைக்கும் எண்ணச் சொல்லிக்குடுக்கவா, அஞ்சு வரைக்குமா?