செனட்டரம்மாவும் சேவல் இருந்த அறையும்

இந்த அவையின் தலைமையைத் தாங்கி, அதை வேறு யாரும் தாங்கிவிடாதபடி ஆண்டாண்டாய்க் காத்துவரும் சங்கத் தலைவர் புவனேந்திரன் அண்ணை அவர்களே. கடல் கடந்து, கண்டம் கடந்து, ஜேர்மனியில் இந்த வுப்பர்டால் நகரத்தின் மழையையும் கடந்து, அழைப்பிதழில் நான்கு மணி என்று அச்சிட்டதை உண்மை என்று நம்பி நான்கு மணிக்கே வந்துவிட்ட பிலிப்பைன்ஸ் நாட்டின் முன்னாள் செனட்டர் லிகாயா பந்திலான் அம்மையார் அவர்களே. முன்வரிசையில் மூட்டுவலியோடு வீற்றிருக்கும் மூத்தோரே. வாரமெல்லாம் வேலை, வாரஇறுதியெல்லாம் விழா, இரண்டுக்கும் நடுவே வடை என்று வாழும் தாய்மாரே. பான் நகரத்திலிருந்து ரயிலேறி வந்த தமிழ்நாட்டுத் தம்பி தங்கைகளே. நான் எழுந்ததும் புகைக்க எழுந்து, மழையைப் பார்த்துத் திரும்பி அமர்ந்த நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் என் அடக்கமான வணக்கம்.

அடக்கம் என்று நான் சொன்னது குணத்தை அல்ல, நிலைமையை. இந்த மேடையைப் பாருங்கள். இடப்பக்கம் கேடயங்கள், வலப்பக்கம் பதாகைகள், பின்னால் சிங்கக் கைப்பிடி வைத்த தலைவரின் பெரிய கதிரை, அதில் தலைவர். நடுவே நான், நெரிசல் நேரத்துத் தொங்கு ரயிலில் நிற்பவனைப்போல் நிற்கிறேன். இத்தனை பொருள்களும் இன்றைக்கு ஏன் மேடையேறின? அதைச் சொல்லத்தான் வந்தேன். நான் சொல்லி முடிக்கும்வரை தலைவர் அவர்கள் பின்பக்கம் திரும்ப வேண்டாம். சத்தம் ஏதும் கேட்டால், அது சூடாக்கும் குழாயின் சத்தம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘செனட்டர் அம்மையாரின் சட்டங்களும் எமது சங்கத்தின் சேவைகளும்’. கொடுத்த நேரம் இருபது நிமிடம். “அதில பத்தொன்பது சங்கத்துக்கு” என்று தலைவர் சொல்லியிருக்கிறார். நானும் சேவையாளன்தான். இந்த மேடையில் எத்தனையோ ஆண்டாகப் பேசுகிறேன். என் பேச்சால் பசி தீர்ந்தவர் உண்டா? இல்லை. துயர் தீர்ந்தவர் உண்டா? இல்லை. தூக்கமின்மை தீர்ந்தவர்கள் இருக்கிறார்கள், இரண்டாம் வரிசையில் இப்போதும் ஒருவர் தீர்த்துக்கொண்டிருக்கிறார். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் என் மனைவியை இன்றைக்கு வரச் சொன்னேன். “நீங்கள் பேசுறீங்கள் எண்டால் நான் வேலைக்குப் போறன். அங்க கனபேருக்குக் காது கேளாது, நிம்மதியான இடம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே அம்மையாரின் சட்டங்களுக்கு வருவோம்.

முதியவர்களுக்கு மருந்து விலையிலும் பேருந்துக் கட்டணத்திலும் கழிவு கொடுக்கச் சட்டம் கொண்டுவந்தவர் இவர். நாம் மூத்தோரை மதிக்கவில்லையா? மதிக்கிறோம். முன்வரிசையில் இருத்துகிறோம். யாராலும் இடையில் எழுந்து போக முடியாதபடி, நடுவிலே இருத்துகிறோம்.

தனியே நின்று பிள்ளை வளர்க்கும் தாய்க்கும் தந்தைக்கும் சம்பளத்தோடு விடுப்புக் கொடுக்கச் சட்டம் கொண்டுவந்தவர் இவர். நாம் ஒன்றும் கொடுக்கவில்லையா? கொடுக்கிறோம். கதை கொடுக்கிறோம். “அவர் எங்க? ஏனாம் பிரிஞ்சவை? ஆர் பிழை?” என்று சம்பளம் வாங்காமல், சலிக்காமல், சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் கொடுக்கிறோம். அந்தத் துறையில் எனக்கு ஒரு கேடயம் வராதது எனக்கே வியப்பு.

வரிசையில் ஒரு மனிதர் நிற்கும்வரை அரசு அலுவலகத்தின் சாளரம் சாப்பாட்டுக்கு மூடக்கூடாது என்று சட்டம் போட்டவரும் இவர்தான். என்ன அங்கே குரல்? சாப்பாடு எப்போது என்றா? ஐயா, அந்தச் சட்டத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு இங்கே ஓர் ஆள் வரிசையில் நிற்கிறார். அவருடைய காரியம் முடியட்டும், கொத்து ரொட்டி வரட்டும்.

அந்த ஆள் யார்? உங்கள் எல்லோருக்கும் தெரிந்த புஸ்பவதி. முதியோர் பராமரிப்பில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்படிப்புச் செய்கிற பிள்ளை. கையில் ஐந்து வயது மகள், துணைக்கு வேறு ஆளில்லை. படிப்பின் விதி, வாரஇறுதியிலும் வேலைக்குப் போக வேண்டும். கின்டர்கார்டனின் விதி, வாரஇறுதியில் பூட்டு. அப்போது பிள்ளை எங்கே போகும்? அதே இல்லத்தில் தாதியாக இருப்பவர் மரிசெல். நமது செனட்டர் அம்மையாரின் தம்பி மகள், அவருக்கும் ஒரு மகன். இருவரும் மாறி மாறி வேலைக்குப் போய், மாறி மாறிப் பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். இருவருடைய வீடும் ஒற்றை அறை; இரவு வேலை முடித்தவர் அங்கே தூங்க வேண்டும். ஆகவே பிள்ளைகளோடு வந்து இருப்பது எங்கே? நமது மண்டபத்து நடையில், பாய் விரித்து. வேறு தாய்மாரும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடத் தொடங்கிவிட்டார்கள்.

இந்த மேடைக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது. சன்னல் உண்டு, சூடாக்கி உண்டு. நகரசபையிடம் இந்த மண்டபத்தைக் கேட்டபோது, அது பிள்ளைகளுக்கான அறை என்று சொல்லித்தான் கேட்டோம். சொன்ன குழுவில் நானும் இருந்தேன், உருக்கமாகச் சொன்னவனே நான்தான். கிடைத்தபின் அங்கே யார் குடிபுகுந்தார்கள்? கேடயங்கள் குடிபுகுந்தன. நமது படம் போட்ட பதாகைகள் குடிபுகுந்தன. இந்தச் சிங்கக் கதிரை குடிபுகுந்தது. படங்களுக்குச் சூடு, பிள்ளைகளுக்கு நடை. புஸ்பவதி கேட்கும்போதெல்லாம் தலைவர் சொல்வார்: “அது ஒஃபிஸ், பிள்ளை. அடுத்த கூட்டத்தில கதைப்பம்.” அந்த அடுத்த கூட்டம், நமது விழாக்களைப்போல, இன்னும் தொடங்கவில்லை.

போன கிழமை கட்டடத்தைப் பராமரிக்கும் ஹவுஸ்மைஸ்டர் வந்து, நடை என்பது தீப்பிடித்தால் ஓடும் வழி, இனி ஒரு பாயும் அங்கே இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதிலும் பிழையில்லை. வருகிற சனிக்கிழமை புஸ்பவதிக்கு வேலை. பிள்ளைக்கு இடமில்லை என்றால் வேலையில்லை. வேலையில்லை என்றால் படிப்பில்லை. இவ்வளவுதான் கதை. சிரிக்க ஏதும் சேர்க்கலாமா என்று பார்த்தேன், அகப்படவில்லை.

இன்று நான்கு மணிக்கு செனட்டர் அம்மையார் வந்தபோது மண்டபத்தில் இருந்தவர்கள் புஸ்பவதி, மரிசெல், நடையில் பிள்ளைகள், பிறகு நான். நான் ஏன் நேரத்துக்கு வந்தேன்? என் மணிக்கூடு ஓடவில்லை, பிந்திவிட்டது என்று நினைத்து ஓடிவந்தேன். தலைமை விருந்தினர் நடையில் குந்தி இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மரிசெலிடம் அறையின் கதையைக் கேட்டிருந்தவர், “பிள்ளைகளின் அறையில் யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டார். மரிசெல் அதை ஜேர்மன் மொழியான டொச்சில் சொல்ல, புஸ்பவதி பதில் சொன்னார்.

“உள்ளுக்க பதாகை இருக்குது.”

அம்மையார் சிரித்தார். பிறகு ஒரு கதை சொன்னார். ஊருக்கு ஒரு பிள்ளைகள் அறை வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்து, முதல் அறையைப் பார்க்கப் போனாராம். அறை பூட்டியிருந்ததாம். உள்ளே ஊர்த்தலைவரின் சண்டைச் சேவல்கள், வெளியே வெயிலில் பிள்ளைகள்.

“பொலிஸைக் கூப்பிட்டீங்களோ?” என்று கேட்டேன்.

“இல்லை,” என்றார். “உங்கள் சேவல்களின் புகழ் தலைநகரம்வரை வந்திருக்கிறது, எல்லாவற்றையும் முற்றத்துக்குக் கொண்டுவாருங்கள், பார்க்க வேண்டும் என்றேன். மனிதர் பூரித்துப்போய் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். கடைசிச் சேவல் வெளியே வந்தது. தாய்மார் பாயோடு உள்ளே போனார்கள்.”

“பிறகு?”

“பிறகென்ன, ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பிள்ளைகளை வெளியே இழுக்க யாருக்குக் கை வரும்? சட்டம் எழுதியது நான்தான். ஆனால் அன்றைக்கு வேலை செய்தது சேவல்.”

புஸ்பவதி வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, “அண்ணை, எனக்கு விளங்கிற்று” என்றார். எனக்கு விளங்க இன்னும் கொஞ்ச நேரம் எடுத்தது.

ஐந்தரைக்குத் தலைவர் வந்தார். மேடைப் பதாகையில் மாலை போட்ட வளையங்களுக்குள் வரிசையாக இருந்த நிர்வாகிகளின் படங்களை அம்மையாருக்குக் காட்டினார். அம்மையார் தலையைத் தாழ்த்தி, “இவர்கள் எல்லாம் எப்போது காலமானார்கள்?” என்று கேட்டார். அவர் நாட்டு வழக்கம் எனக்குத் தெரியாது, ஆனால் நமது வழக்கப்படி அது நியாயமான கேள்வி. தலைவர், “இல்லை இல்லை, எல்லாரும் சாப்பாட்டுக்கு வருவினம்” என்று சமாளித்தார்.

அடுத்ததாக அம்மையார் கேட்டார்: “உங்கள் சங்கத்தின் பெருமைகள் எல்லாவற்றையும் நான் பார்க்க வேண்டும். ஒன்றுவிடாமல் மேடைக்குக் கொண்டுவர முடியுமா?”

தலைவரின் முகம் மலர்ந்தது. சட்டைப்பையிலிருந்து அறைப்பூட்டின் திறப்பு வந்தது. கேடயம் வந்தது, பதாகை வந்தது, படம் வந்தது. கடைசியாக, நான்குபேர் சுமக்க, இந்தச் சிங்கக் கதிரை வந்தது. நானும் ஒரு காலைப் பிடித்தேன், என் இடுப்பு சாட்சி.

அம்மையார் அருகில் இருந்து என் பேச்சை ஆங்கிலத்தில் சொல்லும் தங்கச்சி சுபானி, இந்த இடத்தை மட்டும் ஆறுதலாக, நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கோ.

அன்பார்ந்த தலைவர் அவர்களே, இனித் திரும்பிப் பார்க்கலாம். நீங்கள் இவ்வளவு நேரம் கேட்டது சூடாக்கும் குழாயின் சத்தம் அல்ல. அறைக்கதவு திறந்திருக்கிறது, பாய் விரித்தாயிற்று. வாசலில் நிற்பவர்கள் புஸ்பவதியும் மரிசெலும். தரையில் படுத்து வண்ணம் தீட்டுகிறவர்கள் இந்தச் சபையின் பிள்ளைகள், உங்கள் பேத்தியும் அதில் இருக்கிறாள். சேவல்கள் யார் என்று என்னிடம் கேட்காதீர்கள். நானும் கொண்டை வைத்தவன்தான், அந்தக் கேடயங்களில் ஒன்று என்னுடையது.

செனட்டில் சட்டம் போடுவார்கள். நாமும் ஒன்று போடுவோம். அந்த அறை பிள்ளைகளுக்கே, சனி ஞாயிறு உட்பட. சம்மதம் உள்ளவர்கள் கை உயர்த்துங்கள்.

மூத்தோரின் கை, மூட்டுவலியையும் மீறி உயர்கிறது. தாய்மாரின் கை, வடைமாவோடு உயர்கிறது. தலைவரின் கை மடியில் இருக்கிறது. அண்ணை, யோசியுங்கோ, அவசரமில்லை. அடுத்த கூட்டத்தில கதைப்பம்.

ஆகா, யார் வருவது? படம் எடுக்க வரவேண்டிய தம்பி கோகுல். “சாரி சார், டிரெயின் லேட். எல்லாரும் அப்படியே இருங்க, ஒரு போட்டோ” என்கிறார். எவ்வளவு நல்ல நேரம். அம்மையாரும் கை உயர்த்தியிருக்கிறார், வாக்குரிமை இல்லாமலே. படத்தில் எல்லோருடைய கையும் உயர்ந்திருக்க, தலைவரின் கை மட்டும் மடியில் இருந்தால் ஆண்டு மலரில் எப்படி இருக்கும்?

உயர்கிறது. சிங்கக் கதிரையிலிருந்து சங்கத் தலைவரின் திருக்கரம் உயர்கிறது. அமுக்குங்கோ தம்பி. இன்னொருக்கால் அமுக்குங்கோ, சாட்சிக்கு இரண்டு படம் இருக்கட்டும்.

தலைவர் என்னைப் பார்த்து ஏதோ சொல்கிறார். “நாகமுத்து, கேடயத்தைக் கொண்டுபோங்கோ. கதிரையை மட்டும் உள்ளுக்க விடுங்கோ” என்கிறார்.

நியாயம். கேடயங்கள் அவரவர் வீட்டு நிலவறைக் கெல்லருக்குப் போகட்டும். என்னுடையதை வைக்க இடம் தருகிறவருக்கு என் நன்றி, என் வீட்டில் அனுமதி இல்லை. கதிரை அறைக்கே போகட்டும். ஒரு நிபந்தனை: அதில் இருப்பவர் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல வேண்டும். முதல் முறை யாருடையது? தலைவருடையது. சரிதானே அண்ணை?

“ஓம், ஓம், வாறன்” என்கிறார். அனைவரும் கேட்டீர்கள்.

புஸ்பவதியும் வாசலில் நின்று ஏதோ சொல்கிறார். சத்தமாகச் சொல்லுங்கோ பிள்ளை.

“அண்ணை, சனிக்கிழமை காலமை ஆறு மணிக்கு எனக்கு வேலை. ஆறு எண்டால் ஆறு.”

சபையோரே, வரிசையில் நின்றவரின் காரியம் முடிந்தது, இனிச் சாளரத்தை மூடலாம், சட்டியைத் திறக்கலாம். சேவல் கதை தந்த செனட்டர் அம்மையாருக்கும், பாய் சுமந்த தாய்மாருக்கும், பிந்தி வந்து பெரும்பணி செய்த கோகுலுக்கும், இரண்டாம் வரிசையில் இப்போது விழித்திருக்கும் ஐயாவுக்கும் என் நன்றி. தலைவருக்கு என் நன்றியோடு என் மணிக்கூட்டையும் கொடுத்துவிட்டுப் போகிறேன். அது ஓடாது. ஆனால் நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். வாழ்க நீங்கள் எல்லோரும், வணக்கம்.