உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம்

காபித்தூளில் சர்க்கரை கலந்திருக்கக் கூடாது, ஐயா. மற்றபடி மலிவான தூளே போதும். அதோடு கொஞ்சம் சலவைச் சோடா, பொடித்த வைட்டமின் சி மாத்திரை. படச்சுருள் கழுவ வேறெதுவும் வேண்டாம். ஆனால் கடைசியில் உப்புத் தண்ணீரில் ஒரு நாள் முழுக்க ஊற வேண்டும். இல்லாவிட்டால் வெளிச்சம் பட்டதும் படம் கறுத்துவிடும். இதை பண்டுங் ஊரில் நூறு பேருக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

ருஹியாத் மட்டும் ஒத்துக்கொள்ளவே மாட்டான். கடையில் வாங்கும் சுத்தமான ரசாயனம்தான் அவனுக்கு உசத்தி. புகைப்படச் சங்கத்தில் என் படங்களைத் தூக்கிப் பிடித்து, "உமான் அண்ணே, இது படமா, டம்ளர் அடியில தங்குன மண்டியா?" என்பான். பதினோரு வருடம் எல்லோரும் சிரித்தார்கள்.

அன்று சகுலிங் நீர்த்தேக்கத்தில், மூங்கில் தெப்பத்தில் நாங்கள் இருவர்தான். என்னைப் படம் எடுத்துவிட்டுக் கேமராவைக் கீழே வைத்தான். "இந்த மூஞ்சியையாவது ஒழுங்கா கழுவணும்" என்றான். அவனுக்கு நீச்சல் தெரியாது. துடுப்பின் நுனியால் அவனை லேசாகத்தான் தள்ளினேன். பிறகு தெப்பத்தை அப்படியே விட்டுவிட்டு நீந்திக் கரையேறி, வீட்டுக்கு வந்து காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். கேமராவை மறந்துபோனேன்.

போலீஸ் திருப்பிக் கொடுத்த கேமராவோடு அவன் மனைவி இமாஸ் என்னிடமே வந்தாள். அவனுடைய ரசாயன டப்பாக்களும் கையில் இருந்தன.

"மனுசன் எப்படிப் போனாருன்னு தெரியாம சோறு எறங்கல அண்ணே. இதுல ஏதாவது இருக்கும். அவரு மருந்துலயே கழுவுங்க."

"அதெல்லாம் கெட்டுப்போச்சும்மா. காபி போதும்."

ஒன்றும் கெட்டிருக்கவில்லை. சுருளை அப்படியே வெயிலில் பிரித்துப் போட்டிருக்கலாம், மனம் வரவில்லை. காபியில் கழுவினேன். உப்பில் பத்து நிமிடம்தான் வைத்தேன். என் படம் இருந்த கடைசி நுனியை என் கைக்குள் சுருட்டிக்கொண்டு மறுமுனையை அவளிடம் கொடுத்தேன்.

"ஜன்னல்கிட்ட, வெயில்ல வச்சு நல்லா பாரும்மா."

முதல் படத்தில் அவள்தான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இமாஸ் அதைப் பார்த்துச் சிரித்தாள். பார்க்கப் பார்க்கக் கறுத்தது. அவள் அழத் தொடங்கியதும் என் கையையும் வெயிலில் திறந்தேன். "ஒரு நாள் ஊறியிருக்கணும்மா, நீ அவசரப்பட்டதாலதான் சீக்கிரம் எடுத்தேன்," என்றேன்.

"ஐயோ, நானே அவசரப்பட்டு அழிச்சிட்டேனே அண்ணே!"

"விடும்மா, யாரா இருந்தாலும் உடனே பார்க்கிற ஆசை இருக்கத்தானே செய்யும்," என்றேன். இரண்டு வருடமாக இதையே சொல்லித் தேற்றுகிறேன். அவள் வீட்டில் ஜன்னல் திறப்பதில்லை.

அவள் படும் பாட்டைப் பார்க்க முடியாமல்தான் ஸ்டேஷனுக்கு வந்து சொல்கிறேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் எழுதுங்கள். அந்தக் கடைசிப் படத்தில் கறுப்பதற்கு முன் என் மீசையை மயிர் மயிராக எண்ண முடிந்தது. காபியில் கழுவியது. பார்க்க ருஹியாத்துக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை.