மேல்பிரிவுக் கூட்டம்

"பொணத்தைக் குடுங்க."

அந்த மைதானத்தில் எதை வேண்டுமானாலும் கத்தலாம், இதை மட்டும் கத்தக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். சொன்னவர் பூசாரி இல்லை, கோடாங்கி இல்லை. பொலிஸ் சார்ஜன்ட்.

இதை நான் சொல்லத் தொடங்கியபோது இரவு ஒன்றரை மணி. டிக்கோயாவிலிருந்து மேலே ஏறும் தோட்ட ரோட்டின் கடைசி லயம், தேயிலைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். வினோதாவின் சாவு வீடு. வாசலில் தார்ப்பாய் கட்டி, அதன் கீழே பத்துப் பன்னிரண்டு பேர் முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்தோம். மழை. இஞ்சி போட்ட பிளேன்டீ. நடுவில் பெட்டி வைப்பதற்காக ஒரு பெஞ்சு... வெறும் பெஞ்சு. பொணம் வரவில்லை. இது இரண்டாவது இரவு.

என் பையில் ஒரு கடதாசி இருந்தது. சாயங்காலம் ஜீப்பில் வந்த இன்ஸ்பெக்டர் கொடுத்துவிட்டுப் போனது. சிங்களத்தில் ஆறு வரி. பயிற்சியின்போது வினோதா ஈரக் கல்லில் வழுக்கி விழுந்ததைக் கண்ணால் கண்டேன் என்று நான் சொல்வதாக எழுதியிருந்தது. கீழே புள்ளிக்கோடு. நான் கையெழுத்து வைத்தால் காலை பத்து மணிக்குப் பொணம் வரும். வைக்காவிட்டால் விசாரணை முடியும்வரை வராது. எத்தனை மாதமோ.

"போட்டுரு பூரணி," என்றார் வினோதாவின் அப்பா சிவசாமி மாமா. இரண்டு நாளில் அவருடைய குரல் கம்மிப் போயிருந்தது. "எம்புள்ளய மண்ணுல வச்சிட்டாப் போதும். ஒனக்கும் வேல நெலைக்கும்."

"போடுறதா வேணாமாங்கிறத அப்புறம் பாப்போம் மாமா. மொதல்ல என்ன நடந்துச்சுன்னு கேளுங்க."

"பொம்பளப் புள்ளைக இருக்குதுக... ராவுல போயி..." என்று பக்கத்து வீட்டு கஜேந்திரன் அண்ணன் இழுத்தார்.

"அங்கயும் பொம்பளப் புள்ளைகதான் இருந்தோம்."

சொன்னேன்.

கந்தப்பளையைத் தாண்டி மேலே போகும் ஒரு ரோட்டு. தார் உரிந்து சரளைக் கல் பல்லைக் காட்டும். பஸ் இல்லை. கடை இல்லை. லயம்கூட இல்லை, லயங்களின் அஸ்திவாரம் மட்டும் புல்லுக்குள் கிடக்கும். கைவிடப்பட்ட ஒரு தோட்டத்தின் மேல்பிரிவு அது. அங்கிருந்த பழைய தேயிலை ஸ்டோர்தான் எங்கள் முகாம். கொழுந்து வாட்டிய மாடியில் கட்டில் போட்டிருந்தார்கள். மழை பெய்தால் பலகையிலிருந்து வாடிய கொழுந்து மணக்கும்.

முப்பது பெண்கள். தோட்டத்துப் பிள்ளைகள் நாங்கள் இரண்டே பேர். நான் டிகிரி முடித்துவிட்டு மூன்று வருஷம் சும்மா இருந்து, சப்-இன்ஸ்பெக்டருக்கு எடுபட்டவள். வினோதா கான்ஸ்டபிள். தமிழ் பேசும் பொலிஸ் வேண்டும் என்று பேப்பரில் போட்டதை நம்பிப் போனோம்.

நாலு மணிக்கு விசில். நாலு ஐந்துக்கு மைதானத்தில் நிற்க வேண்டும். ஒருத்தி பிந்தினால் முப்பது பேரும் சரளைக் கல்லில் முழங்கால் போட வேண்டும். முழங்காலில் கல் ஏறும். அதைப் பிடுங்கக் கூடாது. சாப்பாட்டுக்கு ஏழு நிமிஷம். எட்டாவது நிமிஷம் தட்டை உதைப்பார்கள்.

இதெல்லாம் முதல் நான்கு மாதம். ஐந்தாம் மாதம் கலகம் அடக்கும் பயிற்சி.

பாதிப் பேர் பொலிஸ். ஹெல்மெட், கேடயம், பொல்லுத்தடி. மீதிப் பேர் கூட்டம்... வேலைநிறுத்தம் செய்கிற கூட்டம். வெறுங்கை. தினமும் ஆட்கள் மாறுவார்கள். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் மாறாது.

"நீங்க தோட்டம்தானே. ஸ்ட்ரைக் நல்லாத் தெரியும்," என்று சார்ஜன்ட் ஹேவகே சிரிப்பார்.

இடம், பழைய பெரட்டுக்களம். காலையில் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்ட அதே களம். ஓரத்தில் கொழுந்தை எடை போட்ட மடுவம், கூரை போய்த் தூண் மட்டும் நிற்கும். முதல் நாளே சார்ஜன்ட் எங்கள் இருவரையும் தனியாகக் கூப்பிட்டார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிட்டார்.

"நங்கி, சம்பளம் கேளுங்க. தண்ணி கேளுங்க. என்னா வேணும்னாலும் கத்துங்க. பொணம் மட்டும் கேக்க வேணாம். இந்த எடத்துல வேணாம்."

"சார்ஜன்டுக்கே பயமா?" என்று குறுக்கிட்டார் கஜேந்திரன் அண்ணன். "அந்த எடத்துக்கு நம்ம யூனியன் தலைவர்மாரக் கூட்டிட்டுப் போயி நிறுத்தணும்." இரண்டு பேர் சிரித்தார்கள். உடனே அடங்கிவிட்டார்கள்.

காரணத்தைச் சொன்னது, முகாமில் சமைக்க வருகிற ஷிராணி அக்கா. அறுபது எழுபது வருஷத்துக்கு முந்தி அதே களத்தில் ஒரு ஸ்ட்ரைக். பொலிஸ் சுட்டது. ராக்காயி என்று கொழுந்து பறிக்கிற, தலை நரைத்த பெண், மடுவத்துத் தூணைப் பிடித்தபடி விழுந்தாள். பொணத்தை லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே புதைத்தார்கள் என்று சொல்லவில்லை. பிரிவு முழுக்க அந்தக் களத்தில் எட்டு நாள் நின்று ஒரே ஒரு வார்த்தையைக் கத்தியது. ஒன்பதாம் நாள் அத்தனை குடும்பத்தையும் சட்டி பானையோடு ரோட்டில் இறக்கிவிட்டார்கள். பிரிவை மூடினார்கள்.

"அந்த வார்த்தய அங்க யாரு சொன்னாலும்..." என்று ஷிராணி அக்கா சொல்லிவிட்டு, பருப்பைக் கிண்டப் போய்விட்டார்.

சரி. பயிற்சிக்கு வருகிறேன்.

அங்கே பொய் அடி கிடையாது. முதலில் கேடயத்தால் இடி. பிறகு பொல்லு. மெதுவாக அடிக்கிறவள் மறுநாள் கூட்டத்தில் நிற்க வேண்டும். அதனால் ஒருத்தியும் மெதுவாக அடிக்கவில்லை. ஒன்பது நாள். என் சுண்டுவிரல் முறிந்தது. வினோதாவின் முழங்கை வீங்கி, ரொட்டியைப் பிய்க்க முடியாமல் நான் ஊட்டிவிட்டேன். ராத்திரி திரும்பிப் படுக்கும்போது பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்கும்... அவளா, நானா என்று தெரியாது.

"போன்ல ஒண்ணுமே சொல்லலியே," என்றாள் நிஷாந்தி. வினோதாவின் தங்கச்சி. "சாப்பாடு நல்லாருக்கு, ஒரு சுத்து பெருத்துட்டேன்னுல்ல சொன்னா."

"வீங்கியிருந்தா, நிஷாந்தி."

பத்தாம் நாள். விடியற்காலை ஐந்தேகால். மூடுபனி. கை நீட்டினால் விரல் தெரியாது. சார்ஜன்ட் என் கையில் பொல்லைத் திணித்தார்.

"இன்னைக்கு நீ இந்தப் பக்கம். சப்-இன்ஸ்பெக்டர்தானே. காட்டு."

எதிரில் வினோதா. என்னைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு. "வாடி சப்-இன்ஸ்பெக்டரு. சுண்டுவெரல் இல்லாம எப்பிடிடி அடிப்ப?"

முதல் தடவை பாய்ந்தோம். நான் அவளுடைய காலுக்குப் பக்கத்தில் தரையை அடித்தேன். சார்ஜன்ட் பார்த்துவிட்டார். பிரம்பு என் முதுகில் இறங்கியது. ஒன்று. இரண்டு. தோல் கிழிந்தது தெரிந்தது, சூடாக. "கஹப்பங்!" அடி என்று அர்த்தம். "கஹப்பங், தோட்டக்காரி!"

இரண்டாம் தடவை அடித்தேன். முழங்கால் சில்லில். டக் என்றது. அவள் விழுந்தாள். பக்கத்தில் நின்றவள் பூட்ஸால் வாயில் உதைத்தாள். வினோதா எழுந்தாள்... உதடு கிழிந்து, பல்லெல்லாம் இரத்தம். என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி, சார்ஜன்டைப் பார்த்தாள். ஒன்பது நாள் வாங்கியதையெல்லாம் சேர்த்து, அடித்தொண்டையிலிருந்து...

"பொணத்தைக் குடுங்க!"

பிரம்பு கீழே விழுந்த சத்தம் கேட்டது. விசில் அவர் வாயில்தான் இருந்தது. ஊதவில்லை.

பிறகு மடுவத்துப் பக்கமிருந்து, பனிக்குள்ளிருந்து... கத்தல் இல்லை. குளிரில் கட்டிப்போன தொண்டையால் நிறையப் பேர் ஒரே மூச்சில் சொன்ன மாதிரி.

"குடுங்க."

அடுத்து கால் சத்தம். நாங்கள் முப்பது பேரும் பூட்ஸ் போட்டிருந்தோம். இது வெறுங்கால். சரளைக் கல்லில், சளப்... சளப்... வாடை வந்தது. ஈரக் கம்பளி. பச்சைக் கொழுந்து. அதற்குக் கீழே, வெடித்து முடிந்த பட்டாசு வாடை.

கூட்டத்தில் பதினைந்து பேர் இருக்க வேண்டும். பனிக்குள் தோளுக்குப் பின்னால் தோள்... முடியவில்லை. அது போய்க்கொண்டே இருந்தது.

என் கேடயத்தின் மேல் விளிம்பை ஒரு கை பிடித்தது. நகமெல்லாம் கொழுந்துக் கறை, கறுப்பாக. தலையில் கம்பளி. இடுப்பில், கொழுந்து பறிக்கிறவர்கள் சுற்றிக்கட்டுகிற படங்குச் சாக்கு. முகம் தெரியவில்லை. கேடயத்தின் வழியாக ஒரு குளிர் வந்து, என் முறிந்த விரலில் ஏறி, பல்லில் நின்றது.

"கஹப்பங்! கஹப்பங்!" சார்ஜன்ட் அலறினார். அது கட்டளை இல்லை. பயம். எல்லாரும் அடித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு அடித்தார்கள். நானும் அடித்தேன்.

ஒன்று, தோளில். இரண்டு, தலையில். ஈரக் கம்பளியைக் கல்லில் துவைக்கிற சத்தம். அந்தக் கை விடவில்லை. ஐயோ என்று சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரி, மெதுவாக, "குடுங்க தாயி..." என்றது.

மூன்று.

பனி சட்டென்று விலகியது, யாரோ போர்வையை உருவின மாதிரி. கூட்டத்தில் பதினான்கு பேர் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் குந்தியிருந்தார்கள். பதினைந்தாவது வினோதா. படுத்திருந்தாள். தலையின் இடது பக்கம்... உள்ளே போயிருந்தது. அவளைச் சுற்றி நாங்கள் ஐந்து பேர். ஐந்து பொல்லிலும் இரத்தம். என் பொல்லில், அந்த இரத்தத்தில், ஒரு கம்பளி நூல் ஒட்டியிருந்தது. கூடவே நீளமாக நாலைந்து முடி.

நரைமுடி. வினோதாவுக்கு இருபத்து மூன்று வயது.

நிஷாந்தி எழுந்து வந்தாள். அறைந்தாள். என் காது கொய்ங்கென்றது. மறுபடி அறைந்தாள். யாரும் தடுக்கவில்லை. நானும் கையைத் தூக்கவில்லை.

"அடிச்சது நீயா?" என்றார் சிவசாமி மாமா.

"நானும் அடிச்சேன் மாமா. கால்ல ஒண்ணு. அது வினோதாவுக்குத்தான், பாத்துத்தான் அடிச்சேன். அப்புறம் மூணு. அது யாருக்கு விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரியாதுங்கிறதால அடிக்கலன்னு ஆயிராது."

அவர் தன் கையில் இருந்த கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறிப் போயிருந்தது.

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்றேன். "வினோதா நாப்பத்தாறு கிலோ. போன கிழமதான் நிறுத்துப் பாத்தாங்க. பலகையில வச்சு ஆறு பேரு தூக்குனோம். பலக வளைஞ்சிருச்சு. ரெண்டு தடவ எறக்கி எறக்கித்தான் ஜீப்புக்குக் கொண்டு போனோம்."

மழை தார்ப்பாயில் தட்டியது. அப்போதுதான் என் போன் அடித்தது. றோலண்ட். இதே லயத்துப் பையன், வினோதாவை வைத்திருக்கிற ஆஸ்பத்திரியில் பிரேத அறையில் வேலை. எல்லாருக்கும் கேட்கும்படி போட்டுப் பெஞ்சில் வைத்தேன்.

"அக்கா... சத்தமாப் பேச முடியாது." மூச்சு வாங்கினான். "வினோதா அக்கா இருக்கிற தட்டுல இன்னொருத்தங்க இருக்காங்க. நான் வைக்கல. புஸ்தகத்துல பேரில்ல. வயசானவங்க. கம்பளி சுத்தியிருக்கு... நெஞ்சுல ஓட்ட. பொலிஸ் பெரியவங்க வந்து பாத்துட்டுப் பூட்டச் சொல்லிட்டாங்க. ஒங்க கையெழுத்துக் கெடச்சோன்ன ரெண்டையும் ஒரே பெட்டில போட்டு சீல் வைக்கப் போறாங்களாம். தொறக்கப்படாதுன்னு பொலிஸோட அனுப்புவாங்களாம்."

"தனித்தனியா வைக்க முடியாதா தம்பி?" சிவசாமி மாமா குனிந்து போனிடம் கேட்டார்.

"பிரிச்சுப் பாத்தேன் மாமா. அந்தம்மா வினோதா அக்கா கையப் புடிச்சிருக்காங்க. வெரல விரிக்க முடியல... விரிச்சா திரும்ப மூடுது."

போன் நின்றது.

"அந்தப் பொம்பளைக்கு," என்றார் மாமா, "ஆளுக யாரும் இருக்காங்களா?"

"இல்ல மாமா. எங்க போனாங்கன்னே தெரியாது."

"அன்னைக்குக் கேட்டாங்களே... எட்டு நாளு. கடைசில குடுத்தாங்களா?"

"குடுக்கல."

அவர் எழுந்தார். வீட்டுக்குள் போனார். இன்னொரு பெஞ்சைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்து, முதல் பெஞ்சுக்குப் பக்கத்தில் போட்டார். தோள் துண்டால் அதைத் துடைத்தார்.

நான் பையிலிருந்து கடதாசியை எடுத்தேன். புள்ளிக்கோட்டில் ஒன்றுமில்லை. திருப்பிக் காட்டினேன். பின்பக்கம் முழுக்கத் தமிழ். யார் உத்தரவு, யார் பிரம்பு, எந்த ஐந்து பேர், என் அடி எத்தனை, எங்கே. அடியில் என் கையெழுத்து. ஜீப் போன கையோடு எழுதிவிட்டேன். இவர்களிடம் வாயால் சொல்லாமல் போகக்கூடாது என்றுதான் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

"ஒன்னயும் உள்ள தள்ளிருவாங்க," என்றார் கஜேந்திரன் அண்ணன்.

"தள்ளட்டும். மொதல்ல ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு கேக்கப் போறேன்."

"என்னான்னு?"

கடதாசியை மடித்துப் பையில் வைத்தேன். அவருக்குத் தெரியும்.

நிஷாந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிவசாமி மாமா மட்டும் தார்ப்பாய் ஓரம் வரைக்கும் வந்தார். "பெட்டி ரெண்டு சொல்லிறவா?"

"சொல்லுங்க மாமா."

படி இறங்கினேன். மூன்றரை மணி. மழை விட்டிருந்தது. முதல் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. லயத்து வெளிச்சம் முடிகிற இடத்தில் பனி. அதற்குள், ரோட்டின் இரண்டு பக்கமும், பெரட்டுக்கு நிற்கிற மாதிரி வரிசையாக ஆட்கள்... தலையில் கம்பளி. யார் காலிலும் செருப்பு இல்லை.

நான் நிற்கவில்லை. வழி விட்டார்கள்.

என் பூட்ஸ் சத்தத்துக்குப் பின்னால், சரளைக் கல்லில், அத்தனை கால்களும் திரும்பின.