ரதோமிர் மாமாவோட பூண்டு கேப்சூல்

அந்த டப்பாவ கீழ வை கண்ணு. தரமாட்டேன்னு சொல்லல, மொதல்ல உக்காரு. வியன்னாலேர்ந்து பஸ்ல வந்து எறங்கி நேரா ஆஸ்பத்திரி, அங்கேர்ந்து நேரா எங்க வீட்டுக் கதவு. பச்சத் தண்ணியாவது குடிச்சியா? காப்பி போட்டுட்டேன், இந்தா.

இன்னிக்கு எப்படி இருக்கா உங்கம்மா தெசாங்கா? வலது கை? ம்... வாயும் அப்படியே கோணித்தான் இருக்கா. பேச்சும் வரல. ஆனா இடது கையால கேப்சூல் முழுங்கற மாதிரி காட்டினாளாக்கும். அவ டப்பா தீந்துபோச்சு, இந்த மிலேவா வீட்ல இருக்கும்னு நீ ஓடி வந்திருக்க. சரி, சரி.

ஒளிச்சு ஒண்ணும் வெக்கலம்மா. கொஞ்சம் பொறு. அறுபத்தெட்டு வயசுல எனக்கு படபடன்னு பேச வரமாட்டேங்குது.

எங்க வீட்டுக்காரரு, ரதோமிர் மாமாவ உனக்குத் தெரியும். முப்பத்தாறு வருஷம் ரயில் எஞ்சின் ஓட்டினவரு, பிரேக்கு எங்க போடணும்னு அடுத்தவன் சொன்னா புடிக்காது. போன வருஷம் டாக்டரம்மா பிரஷர் நூத்தித் தொண்ணூறுன்னு மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. எல்லாம் கெமிக்கல், ஒரு தடவ ஆரம்பிச்சா சாகற வரைக்கும் விடாதுன்னுட்டாரு. அந்தச் சீட்ட மடிச்சு எங்க வெச்சாரு தெரியுமா? இந்த மேஜை ஆடிச்சுல்ல, இதோட காலுக்கு அடில. சிரிக்காத. சத்தியமா.

அப்புறந்தான் மடாலத்துக்குக் கூட்டிட்டுப் போற டூர் பஸ் ஒண்ணு வந்துச்சு. பென்ஷன்காரங்களுக்குப் பாதி டிக்கெட்டு, மத்தியானச் சாப்பாடு இலவசம். சாப்பிட்டு முடிச்சதும் ஒருத்தன் மைக்கப் புடிச்சிட்டு வந்தான். பூண்டு, மலைப்பழம், முள்ளுச்செடிப் பூ, எல்லாத்தையும் காயவெச்சு ஒரே கேப்சூல்ல அடைச்சிருக்கோம்னான். மாமா நாலு டப்பா வாங்கினாரு. வீட்டுக்கு ஒரு லைட்டு மாத்த சொன்னா மூணு கடை ஏறி எறங்குற மனுஷன்!

நம்ம பிளாக்கு சங்கதி உனக்கு மறந்திருக்காது. பதினோரு மணிக்கு இந்த அடுப்படில காப்பி, காப்பியோட பிரஷர் மிஷினும் கை மாறிக்கிட்டே வரும். யாருக்கு எவ்வளவுன்னு நாலு மாடிக்கும் தெரியும். மொத ரெண்டு வாரம் கேப்சூல் முழுங்கியும் அவருக்கு நூத்தி எண்பத்தஞ்சு. ஒரு நாள் மூக்குலேர்ந்து ரத்தம். நான் அழுதேன், திட்டினேன், சாப்பாடு போடமாட்டேன்னுகூட சொன்னேன். ம்ஹூம். மூணாவது வாரம் பாத்தா நூத்தி முப்பத்தஞ்சு.

ஆமாம்மா, எறங்கிச்சு. உங்கம்மாவும் இப்படித்தான் கண்ண விரிச்சா.

நவம்பர்ல எங்க ஸ்லாவா வந்துச்சு, எங்க குடும்பத்துப் புனிதரோட நாளு. அன்னிக்கு வீட்டுக்காரரு உக்காரக் கூடாது, நின்னுக்கிட்டே விருந்தாளிங்களுக்கு ஊத்தணும், பரிமாறணும். இவரு என்ன பண்ணாரு? நாற்காலிய நடுவுல இழுத்துப் போட்டு உக்காந்து, சட்டைக் கைய மடிச்சு, எல்லாரும் பாக்க மிஷின கட்டிக்கிட்டாரு. நூத்தி முப்பது. ஒரே கைதட்டல். பாதிரியாரு கூட டப்பாவத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அவங்கவங்க எங்க கெடைக்கும்னு எழுதிக்கிட்டாங்க. உங்கம்மா அங்கயே ஒரு டப்பா வாங்கிக்கிட்டா, இவரே எடுத்துக் குடுத்தாரு.

அதான் கேக்கறேன்னு சொல்லுற, மாமாவுக்கு வேலை செஞ்சது அம்மாவுக்கு ஏன் ஆகாதுன்னு.

கேப்சூல் வேலை செய்யல கண்ணு. அந்தச் சீட்ட மேஜைக்கு அடிலேர்ந்து எடுத்துட்டுப் போயி நான்தான் மாத்திரை வாங்கினேன். டாக்டரம்மாவுக்குத் தெரியும், எப்படியாவது உள்ள போகட்டும்னாங்க. இவரு மீன் புடிக்கப் போற நாள்ல உக்காந்து மாத்திரைய கரண்டியால நசுக்கி, கேப்சூல ஒவ்வொண்ணா பிரிச்சு, பூண்டுத்தூளக் கொட்டிட்டு இத ரொப்பி மூடிடுவேன். கொட்டின தூள சூப்புல போட்டுடுவேன், இன்னிக்கு சூப்பு பிரமாதம்னு ரெண்டு தட்டு குடிப்பாரு.

உங்கம்மாவுக்குக் குடுத்தது புது டப்பா. நான் கை வெக்காதது. அதுல வெறும் பூண்டுதான்.

இரு, எழுந்திருக்காத. இன்னும் இருக்கு. இதோட விட்டா நான் பாதிதான் சொன்னவளாவேன்.

அந்த ஸ்லாவா அன்னிக்கே உங்கம்மா என் பின்னாடி இந்த அடுப்படிக்கு வந்தா. எட்டு வருஷமா பிரஷர் மாத்திரை போடறேன் மிலேவா, கால் வீங்குது, அலுத்துப்போச்சு, இது இருக்கறப்ப அத நிறுத்திடட்டுமான்னு கேட்டா. வேற யாருமில்ல, நானும் அவளும்தான். சொல்லியிருக்கலாம். ஆனா தெசாங்கா வாயி தெரியுமே, சாயங்காலத்துக்குள்ள இவரு காதுக்குப் போயிடும். போனா அன்னியோட நிறுத்திடுவாரு. மெழுகுவத்தி எரியற நாள்ல, இவ்வளவு ஜனத்துக்கு முன்னாடி, பொண்டாட்டி ஏமாத்தறான்னு அவரு தலை குனியணுமான்னும் இருந்துச்சு. நான் தட்டு கழுவிக்கிட்டே சிரிச்சேன். வேணாம்னு சொல்லல. அந்தச் சிரிப்ப அவ சரின்னு எடுத்துக்கிட்டா. சரின்னு எடுத்துக்கட்டும்னுதான் சிரிச்சேனோ என்னமோ.

திட்டு. திட்டிடு, கேட்டுக்கறேன்.

ஆஸ்பத்திரில போயி டாக்டருகிட்ட சொல்லிடு, நவம்பர்லேர்ந்து அவ மாத்திரை போடலன்னு. அவங்களுக்குத் தெரியணும். மாமாகிட்ட சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம், நான் கால்ல விழமாட்டேன்.

தெசாங்காவுக்குப் பேச்சு வரணும்னு தினமும் காலைல கோயில்ல மெழுகுவத்தி ஏத்தறேன். ஏத்திட்டு வெளிய வந்ததும், அந்தப் பேச்சு வராமலே இருந்துட்டா தேவலன்னு தோணுது. நாலு நாளா இப்படித்தான் தோணுது கண்ணு, அதான் உன்கிட்ட சொல்லிட்டேன்.