கேள்வி முடியுமுன்

மூன்றாவது வார்த்தையிலேயே ஒருவன் மணியை அடித்துவிட்டால், மீதிக் கேள்வியை வாசிப்பதா விடுவதா என்பது சின்னச் சிக்கல்தான். எனக்கு அது ஆறு வருடமாகத் தீரவில்லை, ஐயா.

நாங்கள் லிஃப்ட் பராமரிக்கிறவர்கள். வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு பணிமனையில் அரை மணி நேரம் பொது அறிவுப் போட்டி நடக்கும். கேள்விகள் என்னுடையவை. தலைப்பு எப்போதும் தோல்வி: கவிழ்ந்த கப்பல், இடிந்த பாலம், வழி தவறிய விண்கலம். ஒரு பொருள் எப்படிக் கெடுகிறது என்று தெரிந்துகொண்டால்தான் அது எப்படி ஓடுகிறது என்பது முழுதாகப் புரியும். ஆட்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத்தான் போட்டியை ஆரம்பித்தேன்.

மணியை அடிப்பவன் என் தங்கையின் கணவன். பணிமனையில் அவனுக்கு மின்னல் என்று பெயர். முன்கூட்டியே பார்த்துவிடுகிறானோ என்று கேள்விகளை அன்று காலையில் எழுதிப் பார்த்தேன். தாளைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்து பார்த்தேன். பலனில்லை. ‘முதல் பயணத்திலேயே மூழ்கிய’ என்று ஆரம்பிப்பேன். மணி அடிக்கும்.

“வாசா. ஸ்வீடன் கப்பல். ஆயிரத்து அறுநூத்து இருபத்தெட்டு. அடுத்ததுக்குப் போங்க மச்சான், டீ ஆறுது.”

“ஏன் மூழ்குச்சு?”

“தண்ணி உள்ள வந்துச்சு.”

முப்பது பேரும் சிரிப்பார்கள். கேள்வியின் மறுபாதி அந்தக் கப்பலில் கிடைத்த அளவுகோல்களைப் பற்றியது. ஒரே கப்பலைச் செய்தவர்களிடம் இரண்டு நாட்டு அடிக்கோல்கள் இருந்திருக்கின்றன. ஒன்றின் அடி மற்றதன் அடியைவிட நீளம். எவ்வளவு அருமையான விஷயம். கேட்க ஆளில்லை. காற்றில் முறுக்கிக்கொண்டு விழுந்த டகோமா பாலம் ஏன் முறுக்கிக்கொண்டது என்று மின்னலுக்குத் தெரியாது. அந்தப் பாலத்தோடு விழுந்து செத்துப்போன நாயின் பெயர் தெரியும்.

பிறகுதான் கணக்கெடுத்தேன். பத்தில் மூன்று தப்பாகச் சொல்கிறான். தப்பானால் நாக்கைக் கடித்துக் காதைப் பிடித்துக்கொள்வான். எல்லோரும் சிரித்து மறந்துவிடுவார்கள். சரியான ஏழு மட்டும் நினைவில் நிற்கும். தப்பான விடைக்கு வலி இல்லாத இடத்தில், முந்திரிக்கொட்டைத்தனம் மூளை என்று பெயர் வாங்கிவிடுகிறது.

போன மாதம் மேலாளர் அவனைப் பயிற்சியாளராக்கப் போவதாகச் சொன்னார். இருபத்திரண்டு வருட அனுபவம் எனக்கு. நான் விளக்க ஆரம்பித்தால் ஆட்கள் தூங்கிவிடுகிறார்களாம். வீட்டில் தங்கையும் சிரித்தாள். “ஒரே ஒரு தடவை அவரை மடக்கிக் காட்டேன் அண்ணா, பாக்கலாம்,” என்றாள். அவள் விளையாட்டாகச் சொன்னாள். ஏன் என்று கேட்காத ஒருவன் முப்பது பேருக்குப் பாடம் நடத்தினால் முப்பது பேரும் என்ன ஆவார்கள் என்று அவள் யோசிக்கவில்லை. அந்த வேலையை நானே செய்ய வேண்டியிருந்தது.

எங்கள் வேலைமுறையை விளக்குகிறேன். ஒருவர் மேலே மோட்டார் அறையில் இருப்பார். இன்னொருவர் கீழே, லிஃப்ட் கூண்டுக்கு அடியிலுள்ள பள்ளத்தில் இறங்குவார். வெளியாட்கள் தவறி விழாதபடி இறங்கியவர் கதவைச் சாத்திக்கொள்வார். கதவு சாத்தியிருந்தால் கூண்டு ஓடும், கீழே ஆள் இருப்பது மேலே தெரியாது. இன்டர்காம் ஒன்றுதான் வழி. அதில் மூன்று கேள்விகள், இதே வரிசையில். இறங்கியதும், “மாப்ள, லைட் எரியுதா?” அடுத்து, “மாப்ள, சிவப்பு சுவிட்சை அமுக்கிட்டியா?” அதை அமுக்கிவிட்டால் மேலே என்ன செய்தாலும் கூண்டு அசையாது. வேலை முடிந்து ஏறிய பிறகு, “மாப்ள, வெளிய வந்துட்டியா?” பதில் சொல்பவர் கேள்வியையும் சேர்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். அது சும்மா சடங்கில்லை. காதில் விழுந்தது கேள்விதானா என்று சரிபார்க்கும் வழி. மின்னல் ஒரு நாளும் திருப்பிச் சொன்னதில்லை. “மாப்ள” என்றதுமே “ஆமா மச்சான்” வந்துவிடும். ரிசீவரை மாட்டிவிட்டுச் சுவிட்சுக்கு நடப்பான். அந்தக் கட்டடத்தில் ரிசீவர் மாட்டியிருக்கும் ஏணிக்கும் சுவிட்சுக்கும் நடுவே ஐந்து அடி, ஸ்பிரிங்குகளைச் சுற்றிப் போக எட்டு வினாடியாவது ஆகும்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. என் பக்கத்தில் கட்டடத்தின் எலெக்ட்ரீஷியன் நின்றிருந்தார். கீழே மின்னல் பள்ளத்தில் இறங்கி ரிசீவரை எடுத்தான். நான் “மாப்ள” என்றேன்.

“ஆமா மச்சான்.”

“வெளிய வந்துட்டியா?” என்று முடித்தேன். விதிப்படி நான்கு வினாடி காத்திருந்தேன். யாரும் பதிலைத் திருத்தவில்லை. கூண்டை இறக்கினேன்.

உங்கள் விசாரணை அறிக்கையை வாசித்தேன். ‘தகவல் தொடர்புக் குறைபாடு’ என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். எலெக்ட்ரீஷியன் என் கேள்வியைக் கேட்டதாகச் சொன்னார், அவன் ‘ஆமா’ என்றதையும் கேட்டதாகச் சொன்னார். இரண்டில் எது முந்தி என்று நீங்கள் கேட்கவில்லை. கேள்வி முடியுமுன் நீங்களும் மணியை அடித்துவிட்டீர்கள். என்னைக் குற்றமற்றவன் என்று எழுதியதில் எனக்கு வருத்தமில்லை. ஒரு தோல்விக்குத் தப்பான காரணத்தை எழுதிக் கோப்பில் வைப்பதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அதற்காகத்தான் நானே வந்தேன். நீங்களாகக் கண்டுபிடித்திருக்கப் போவதில்லை.

தங்கை இன்னும் என்னிடம் பேசவில்லை. அழுகை ஓய்ந்ததும் அவளுக்கும் பொறுமையாக விளக்குவேன். விளக்கினால் புரிந்துகொள்வாள். என் கேள்வியில் ஒரு பிழையும் இல்லை. அவன் விடைதான் தப்பு.

காரணம் என்ற கட்டத்தில் இதை எழுதிக்கொள்ளுங்கள். கேள்வி முடியுமுன் பதில் சொல்கிறவனைத் தோற்கடிக்க, மூன்றாவது கேள்வியை முதலில் கேட்க வேண்டும். முதல் வார்த்தைக்குப் பிறகு, அவன் ‘ஆமா’ சொல்லி முடிக்கும்வரை, நிறுத்த வேண்டும். நான் நிறுத்தினேன்.