கதவடிக் கட்டை

ஒரு பெரிய கூடத்தைச் சூடாக்க விரும்புபவர் முதலில் அடுப்பைப் பார்க்கக் கூடாது; கூரையைப் பார்க்க வேண்டும். சூடு மேலே ஏறும் இயல்புடையது. பதினான்கு அடி உயரத்தில் கூரை இருந்தால், காசு கொடுத்து வாங்கிய சூடெல்லாம் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். கீழே ஸ்பானர் பிடித்த விரல்கள் மரத்துப்போகும். துணை ஷெரீப் ஹார்ஜு அவர்களே, என்ன நடந்தது என்று கேட்டீர்கள். இங்கிருந்து தொடங்கினால்தான் அது உங்களுக்கு நியாயமாக விளங்கும்.

அந்தப் பட்டறை என் தந்தை ஊர்ஹோ கின்னுனென் கட்டியது. நாற்பதடி அகலம், அறுபதடி நீளம். மரம் ஏற்றும் லாரிகள் நேரே உள்ளே வந்து நிற்கும். இறக்கும்போது அதை எனக்கும் என் தங்கை லெம்பிக்கும் சரிபாதியாக எழுதிவைத்தார். லெம்பியின் பாதி என்பது நடைமுறையில் அவள் கணவன் டேலின் பாதி. நான் லாரி அச்சுகளைப் பழுது பார்ப்பவன். அவன் பனிவண்டிகளைப் பழுது பார்ப்பவன். ஒரே கூரையின் கீழ் ஒரு மணி நேரம் சேர்ந்து நிற்க எங்களால் இயலாது. ஆகவே நாட்களைப் பங்கிட்டுக்கொண்டோம். திங்கள், புதன், வெள்ளி எனக்கு, செவ்வாய், வியாழன், சனி அவனுக்கு, ஞாயிறு ஆண்டவருக்கு.

மலிவான வழி எது என்று இரண்டு குளிர்காலம் ஆராய்ந்தேன். எனக்கு நாற்பது ஏக்கர் மேப்பிள் காடு உண்டு. ஆனால் பெட்ரோல் வண்டி நிற்கும் இடத்தில் விறகடுப்பு வைத்தால் காப்பீடு கிடையாது என்றுவிட்டார்கள். மின்சாரம் பணக்காரர்களின் பொழுதுபோக்கு. கழிவு எண்ணெய் எரிக்கும் அடுப்பை ஒரு மாதம் இரவல் வாங்கி எரித்தேன். அக்கம்பக்கத்துப் பனியெல்லாம் கறுத்துப்போயிற்று. கூரையில் தொங்கவிடும் கேஸ் அடுப்பு நல்லதுதான். ஆனால் சுவரை உடைத்துப் புகைபோக்கி வைக்க வேண்டும். ஒழுக்கம் இல்லாதவர்களுக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட சாதனம் அது. கடைசியில், மூடப்பட்ட ஒரு கட்டட நிறுவனத்தின் ஏலத்தில் மண்ணெண்ணெய் ஊதடுப்பு ஒன்றை வாங்கினேன். சக்கரம் வைத்த சிறு பீரங்கியைப் போல இருக்கும். அதற்குப் புகைபோக்கி இல்லை. கூடத்தின் காற்றையே குடித்து, தன் புகையைக் கூடத்துக்குள்ளேயே விடும்.

ஆகவே எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு விதி உண்டு. அடுப்பு எரியும்போது, மேலே ஏற்றி இறக்கும் பெரிய கதவை முழுவதும் இறக்கக் கூடாது. அடியில் ஒரு கட்டை வைக்க வேண்டும். என் தந்தையின் கட்டை நான்கு அங்குலக் கனம். இந்த ஏரிக்கரையில் குழந்தைக்கும் அது ஏன் என்று தெரியும். எனக்குத் தெரியாது என்று சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன்.

வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. ஊர் மன்றத்தில் அதைப் பற்றி உரையாற்றியிருக்கிறேன். வீணாக்குகிறவன் தன் பொருளை அழிப்பதில்லை, பிறக்கப்போகும் பிள்ளைகளின் பொருளைத் திருடுகிறான், திறந்த கதவு ஒவ்வொன்றும் எரிந்துபோன ஒரு மரம், இப்படிப் பேசிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து டேல் எழுந்தான்.

"மச்சான், உங்க பட்டறைல மீனைத் தொங்கவிட்டா மார்ச் வரைக்கும் கெடாதுங்கிறதையும் சொல்லுங்க. குளிர் தாங்கலைன்னா இவரு ஃப்ரிட்ஜைத் திறந்துவெச்சு முன்னாடி உக்காருவாருங்க."

மன்றம் சிரித்தது. நானும் புன்னகை செய்தேன்.

அந்த வாரமே பட்டறையை அடைக்கத் தொடங்கினேன். கூரையின் அடியில் பஞ்சுத் தகடு, சன்னல்களுக்குப் பிளாஸ்டிக் விரிப்பு, பிளவுகளுக்கு நுரைப்பசை. பனி விழுந்ததும், இங்கே எல்லா வீடுகளிலும் செய்வதைப் போல, அடிச்சுவரைச் சுற்றிப் பனியை அணைத்தேன். பனி காற்றைத் தடுக்கும். கட்டடத்துக்கு அதைவிட மலிவான போர்வை கிடையாது. மூன்று பக்கமும் இடுப்பளவு அணைத்ததில் மண்ணெண்ணெய்ச் செலவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மிஞ்சியது ஒரே ஓட்டை, கதவடியில் இருந்த அந்த நான்கு அங்குலம்.

தந்தையின் கட்டையை நான் தொடவில்லை. வேறு கட்டை அறுத்தேன். முதலில் மூன்று அங்குலம், பிறகு இரண்டு. இரண்டு அங்குலக் கட்டை வைத்த புதன்கிழமை எனக்குத் தலை கனத்தது, கால் தள்ளாடியது. அச்சு வேலையில் அது ஆபத்து. அதனால் என் நாட்களில் தந்தையின் கட்டையைத் திரும்ப வைத்தேன். ஆனால் ஒருவனுடைய தலைவலிக்காகச் சேமிப்பை முழுவதும் கைவிடுவது முறையல்ல. வேலை முடித்துப் புறப்படும்போது தந்தையின் கட்டையை எடுத்துக்கொண்டு, இரண்டு அங்குலக் கட்டையை டேலுக்கு விட்டுவைப்பேன். அவன் கட்டை இருக்கிறதா என்று பார்ப்பான். எவ்வளவு கனம் என்று பார்க்கிறவன் அல்ல.

நச்சுவாயு எச்சரிக்கைக் கருவி ஒன்று இருந்தது. குளிரில் பாட்டரி இறங்கி ஓயாமல் கீச்சிடுகிறது என்று அதைக் கழற்றியவன் டேல். நானல்ல. அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி நடுவில் லெம்பி தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அண்ணா, அவருக்கு வியாழக்கிழமை வந்தா தலை பிளக்குதாம். நேத்து சாப்பிட்டதெல்லாம் வாந்தி. அந்த அடுப்பால இருக்குமோ?"

"அதே அடுப்புலதானேம்மா நானும் வேலை பாக்குறேன்? எனக்கு ஒண்ணும் ஆகலையே. பீரைக் குறைக்கச் சொல்லு."

இதில் பொய் எதுவும் இல்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

போன வெள்ளிக்கிழமை, என்னுடைய நாளில், டேல் உள்ளே வந்தான். கையில் ஒரு தாள்.

"மச்சான், திங்கக்கிழமை கேஸ்காரங்க வர்றாங்க. புகைபோக்கிக்கு வடக்குச் சுவத்துல ஓட்டை போடணும். லெம்பி கையெழுத்துப் போட்டுட்டா."

"நான் போடல மாப்ளே."

"போடாட்டிப் போங்க. என் பாதியை ஸ்கீ விடுதிக்காரனுக்குக் குடுத்துடறேன். அவன் கேட்டுக்கிட்டேதான் இருக்கான். அப்புறம் அவன்கூட நாள் பங்கு போட்டுக்குங்க. அவனுக்கும் மீன் தொங்கவிட இடம் வேணுமாம்."

சொல்லிவிட்டு என் பிளாஸ்கிலிருந்து காபியை ஊற்றிக் குடித்தான். போகும்போது பக்கக் கதவைத் திறந்தே விட்டுப் போனான். எழுந்து போய் மூடினேன். அதற்குள் வெப்பமானி நான்கு பாகை இறங்கியிருந்தது. என் தந்தை கட்டிய சுவரை உடைப்பதா, அந்நியனுக்கு விற்பதா என்று இரண்டே வழி காட்டிய மனிதன், ஒரு கதவை மூடக் கற்றுக்கொள்ளவில்லை. அன்று புறப்படும் முன் ஒரு அங்குலக் கட்டை ஒன்று அறுத்து, இரண்டு அங்குலக் கட்டைக்குப் பதிலாக அதை அவனுக்கு விட்டுவைத்தேன்.

சனிக்கிழமை காலை பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. ஒன்பது மணிக்கு மண்வாரியோடு பட்டறைக்குப் போனேன். உள்ளே அடுப்பின் இரைச்சல், சுத்தியல் ஓசை, அவனுடைய வானொலி. பெரிய கதவின் அடியில் அந்த ஒரு அங்குலத்தில் காற்று விசில் அடித்துக்கொண்டிருந்தது. மூன்று பக்கம் அணைத்தவன் நான்காவது பக்கத்தை ஏன் விட்டுவைக்க வேண்டும்? கதவடியில் முழங்காலளவு பனியை வாரிப்போட்டு, மண்வாரியின் முதுகால் தட்டி இறுக்கினேன். விசில் நின்றது. பக்கக் கதவின் இடுக்கிலும் காற்று புகும். அது வெளிப்பக்கம் திறக்கும் கதவு. அங்கே இடுப்பளவு போட்டேன்.

பத்தரை மணிக்குச் சுத்தியல் ஓசை நின்றது. சற்று நேரத்தில் பக்கக் கதவின்மீது அணைத்த பனி ஒருமுறை அசைந்தது. பிறகு இன்னொரு முறை, முன்னைவிட மெல்ல. அசைந்த பனியில் பிளவு விழும்; பிளவில் சூடு போகும். ஆகவே மேலும் நான்கு வாரி போட்டுத் தட்டினேன். அதன் பிறகு அது அசையவில்லை. வானொலி மட்டும் பாடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போய்ச் சூப் குடித்தேன்.

ஒரு மணிக்கு அவனுக்குச் சாப்பாடு எடுத்துவந்த லெம்பி, கையுறை இல்லாமல் அந்தப் பனியைத் தோண்டியிருக்கிறாள். நான் போய்ச் சேர்ந்தபோது பெரிய கதவு உச்சி வரை திறந்திருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தார்கள், டேலை முகம்வரை மூடி எடுத்துக்கொண்டு போனார்கள். என் தங்கை சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பனியை யாருண்ணா போட்டது?" என்று இரண்டு முறை கேட்டாள். நாற்பது நிமிடம் கதவு திறந்தே கிடந்தது. அதை மூட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவ்வளவுக்குப் பிறகும் உள்சுவரின் தகடு கைக்கு இதமாக இருந்தது. ஜனவரியில் அந்தக் கூடம் ஒருபோதும் அப்படிச் சூடேறியதில்லை. இந்த மாவட்டத்தில் என் கணக்கைக் கேலி செய்தவர்கள் எவரும் அன்று அங்கே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

டேல்மீது எனக்குப் பகை இருந்ததா என்று கேட்டீர்கள். இல்லை. பகைக்கு நேரம் செலவிடுபவன் அல்லன் நான். சூடு வெளியே போகாமல் காத்தேன்; அவ்வளவே நான் செய்தது. அவன் இருந்த இடத்தில் வேறு எவர் இருந்திருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

திங்கட்கிழமை என் முறை. கேஸ்காரர்களைத் தொலைபேசியில் அழைத்து, வர வேண்டாம் என்றேன். பிறகு பட்டறைக்குப் போய், இரண்டு கதவடிகளிலும் கிடந்த பனியை ஒரு பிடிகூட மிச்சமில்லாமல் ஒதுக்கினேன். பெரிய கதவுக்கடியில் தந்தையின் நான்கு அங்குலக் கட்டையை வைத்தேன். அதன்மேல் இன்னொரு கட்டையையும் வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தேன்.