அறுபத்து மூன்று பேருக்கு ஒரு நர்ஸ்

நின்றுகொண்டே சாப்பிட்டுப் பழகியவள் நான். நீங்கள் ஸ்டேஷனில் நாற்காலி போட்டு உட்காரவைத்துச் சாப்பாடு கொடுத்ததும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது, ஐயா. எங்கள் முதியோர் இல்லத்தில் அறுபத்து மூன்று பேருக்குப் படித்த நர்ஸ் நான் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாம் ஆயாக்கள். தங்கமான பெண்கள். குளிப்பாட்டுவார்கள், ஊட்டிவிடுவார்கள், முகம் சுளிக்காமல் துடைத்துவிடுவார்கள். ஆனால் எது தூக்கம், எது மயக்கம் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

முதலாளியிடம் ஆறு வருடம் கரடியாய்க் கத்தினேன். ஷிப்டுக்கு ஒரு படித்த நர்ஸ், அவ்வளவுதான் கேட்டது. செவிடன் காதில் ஊதிய சங்குதான். "ஒரு நர்ஸ் சம்பளத்துல மூணு ஆயா வெச்சுக்கலாமேம்மா. அதான் நீ இருக்கியே" என்பார். அக்கா மகள் கல்யாணத்துக்கு நான் இரண்டே நாள் லீவு போட்டேன். திரும்பி வந்தால் ஒரு பெரியவரின் கட்டில் காலியாக இருக்கிறது. கேட்டதற்கு, "வயசாச்சு, போயிட்டாரு" என்றார்கள். அவருக்கு ஏன் என்று கேட்க நாதியில்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குச் சரியாகப் புரிந்தது. அழ ஆள் இல்லாதவர் செத்தால் ஒரு நர்ஸ்கூட வரமாட்டாள்.

டீச்சரம்மாவுக்கு அழ ஆள் இருந்தது. எண்பத்தோரு வயது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஆயாக்கள் லீவு லெட்டரை முதலில் அவரிடம்தான் கொண்டுபோய்க் காட்டுவார்கள். சிவப்புப் பேனாவால் பிழை திருத்திக் கொடுப்பார். வாய்த்துடுக்கும் உண்டு. "உங்களுக்குக் கணக்கு நல்லா வருது, மனுஷங்களத்தான் எண்ணத் தெரியல" என்று முதலாளியின் முகத்துக்கு நேராகவே சொன்னவர். மகள் வக்கீல். வாரம் தவறாமல் வருவாள், சாப்பாடு ஆறியிருந்தால்கூட மனு எழுதிவிட்டுத்தான் போவாள். எனக்கு டீச்சரம்மாவை ரொம்பப் பிடிக்கும். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிடிக்காத ஒருவரைத் தேர்ந்தெடுத்திருந்தால் அது வெறும் குரோதம் ஆகியிருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பெரிய ஆயா வந்து, "அக்கா, டீச்சரம்மா இன்னிக்கு ஒரு மாதிரியா இருக்காங்க. என்னைப் பாத்தே யாருன்னு கேக்குறாங்க" என்றாள். போய்ப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. பேச்சு குழறியது, படுக்கையில் வாடை மாறியிருந்தது. சிறுநீரில் தொற்று. வயதானவர்களுக்குப் பல நேரம் இது காய்ச்சலாக வராது, குழப்பமாகத்தான் வரும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தால் ஒரு வாரத்தில் திரும்பி வந்து சிவப்புப் பேனாவைத் தேடியிருப்பார். அந்த வருடத்திலேயே மூன்று பேரை அப்படி அனுப்பிப் பிழைக்கவைத்திருக்கிறேன்.

"சரியா தூங்கியிருக்க மாட்டாங்க. எழுப்பாத, தூங்கட்டும்" என்றேன்.

புதன்கிழமை மத்தியானம் அவருக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு என்னமோ பண்ணுதும்மா" என்றார். அப்புறம் அவரே, "பரவாயில்ல, அதான் நீ இருக்கியே" என்று கண்ணை மூடிக்கொண்டார். கழிப்பறைக்குப் போய் அழுதேன். பிறகு முகம் கழுவிவிட்டு மருந்து வண்டியை அடுத்த அறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். இன்னும் அறுபத்து இரண்டு பேர் இருந்தார்கள்.

வியாழக்கிழமை இரண்டு மணிக்கு அவர் போய்விட்டார். எங்கள் இல்லத்தில் ஒரு கெட்ட வழக்கம் உண்டு. நாள் முழுவதற்குமான கவனிப்புப் படிவத்தை ஆயாக்கள் காலையிலேயே நிரப்பிவிடுவார்கள். பிறகு அவர்களுக்கு நேரம் இருக்காது. எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. இரண்டு மணிக்கு இறந்தவர் நான்கு மணிக்கு நன்றாகச் சாப்பிட்டதாகவும் சிரித்துப் பேசியதாகவும் அந்தப் படிவத்தில் இருந்தது. அதை மகளின் கையில் கொடுத்தது நான்தான்.

அவள் சும்மா விடுவாளா? அதிகாரிகள் வந்தார்கள், விசாரணை நடந்தது, உத்தரவு வந்தது. படித்த நர்ஸுகள் ஆறு பேர் வேலைக்குச் சேர்ந்தார்கள். அந்தப் படிவத்தை நிரப்பியிருந்த பெரிய ஆயாவுக்குத்தான் வேலை போய்விட்டது. பாவம், அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இந்த ஒன்பது மாதத்தில் எங்கள் இல்லத்தில் ஒருவர்கூடக் கவனிப்பு இல்லாமல் சாகவில்லை. நீங்களே போய் விசாரித்துப் பாருங்கள்.

என்னைக் கண்டுபிடித்ததும் அந்த ஆறு பேரில் ஒருத்திதான். பழைய கோப்பில் அந்த மூன்று பேருக்காக நான் எழுதிய ஆஸ்பத்திரிக் கடிதங்களைப் படித்திருக்கிறாள். "மூணு தடவ ஒரு மணி நேரத்துல கண்டுபிடிச்ச நீங்க, நாலாவது தடவ எப்படிக்கா விட்டீங்க?" என்று கேட்டாள். கெட்டிக்காரி. இப்படி ஒருத்தி வேண்டும் என்றுதானே தொண்டை கிழியக் கத்தினேன். அவளிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆமாம், தெரிந்தேதான் விட்டேன். டீச்சரம்மாவைச் சாகவிட்டது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள், போடுகிறேன்.

ஒரு சின்ன உதவி மட்டும் செய்ய வேண்டும், ஐயா. முதலாளிக்கு ஊருக்கு வெளியே இன்னொரு இல்லம் இருக்கிறது. அங்கே நாற்பது பேர். படித்த நர்ஸ் ஒருத்திகூட இல்லை. மாற்றல் கேட்டுப் போன மாதமே எழுதிக் கொடுத்துவிட்டேன், அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. நீங்கள் சொன்னால் கேட்பார். ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். ஜன்னலோரக் கட்டிலில் ஒரு அம்மா இருக்கிறார், மகன் பத்திரிகையில் வேலை பார்க்கிறாராம்.